மறதிக்கு ரத்தம் சாட்சி சொல்லுமா?

பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர் கண்ணில் ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ பலகை ஒன்றாவது படாமல் இருக்காது. வெறும் வயிற்றோடு போய்க் கையை நீட்டினால் போதும். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் என்று அத்தனைக்கும் சாயங்காலத்துக்குள் எண் வந்துவிடும். எண்ணுக்குப் பக்கத்திலேயே இயல்பு அளவும் அச்சாகியிருக்கும். அளவு மீறியிருந்தால் தடித்த எழுத்து.

அந்த அறிக்கையை வாங்கிப் பார்க்கிற அறுபத்தைந்து வயதுக்காரரின் உள்ளுக்குள் ஓடும் கேள்விக்கு மட்டும் அதில் பதில் இருக்காது. கேஸை அணைத்தோமா என்று இரண்டு முறை அடுப்பங்கரைக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய அலுவலக நண்பரின் பெயர் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. தன்னுடைய அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் போனது. தனக்கு இருப்பது வயசா, வியாதியா? சர்க்கரையை ரத்தத்தில் பார்க்கிற மாதிரி இதையும் பார்த்துவிட முடியாதா?

பத்து ஆண்டுகளுக்கு முன் எந்த நரம்பியல் மருத்துவரும் ‘முடியாது’ என்றுதான் சொல்லியிருப்பார். 2025 மே 16 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அல்சைமர் நோயைக் கண்டறிய உதவும் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு முதன்முறையாக அனுமதி கொடுத்தது. ஜப்பானின் ஃபுஜிரெபியோ நிறுவனம் உருவாக்கியது அது. ஆகவே இன்றைய பதில் ‘முடியும்’. ஆனால் யாருக்கு, எப்போது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

எந்த மறதி நோய்?

பெயர் மறப்பதும் மூக்குக் கண்ணாடியைத் தேடுவதும் வயதோடு வருபவை. சற்றுப் பொறுத்து நினைவுக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் கவலை இல்லை. மருத்துவர் காது கொடுத்துக் கேட்பது வேறொன்றை: நாற்பது வருஷமாகச் செய்துவந்த வேலை கைவிட்டுப் போகிறதா? சேலையூரிலிருந்து மேடவாக்கத்துக்குத் தினமும் வண்டி ஓட்டியவர் காமராஜபுரத்தில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்கிறாரா? கண்ணை மூடிக்கொண்டு ரசம் வைத்தவர் புளியைக் கரைத்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கிறாரா?

இப்படி நினைவும் யோசிக்கும் திறனும் குறைந்துகொண்டே போய் அன்றாட வாழ்க்கையையே தடுக்கும் நிலைக்கு டிமென்ஷியா என்று பெயர். தமிழில் மறதி நோய் என்கிறோம். அது ஒரே நோய் அல்ல. அல்சைமர் நோயால் வருவது ஒன்று. மூளையின் சிறு ரத்தக் குழாய்கள் அடைபட்டு வருவது இன்னொன்று. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் மலிந்த நம் ஊரில் இதற்குக் குறைவில்லை. லூயி உருண்டைகள் என்னும் புரதக் கட்டிகளால் வருவது மற்றொன்று. வயதானவர்களிடம் இவற்றில் இரண்டு சேர்ந்தே இருப்பதும் சகஜம்.

ரத்தப் பரிசோதனை பதில் சொல்வது இவற்றில் ஒன்றே ஒன்றைப் பற்றித்தான்: அல்சைமர்.

திருப்போரூரில் வீடு வீடாக

மறதி நோயைத் தேடிக் கண்டறிவதில் தென்சென்னைப் புறநகருக்கு ஒரு பழைய பங்கு உண்டு. 1990களில், சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பைச் சேர்ந்த மனநல ஆய்வாளர்கள் திருப்போரூர்ப் பகுதியில் அறுபது வயதைத் தாண்டிய 750 பேரை ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு 3.5 பேருக்கு மறதி நோய் இருந்தது. இந்தியக் கிராமப்புறத்தில் இப்படித் தேடிக் கணக்கெடுத்த முன்னோடி ஆய்வுகளில் அதுவும் ஒன்று.

அடுத்து ‘10/66’ என்ற வினோதமான பெயருடைய ஓர் உலக ஆய்வுக் குழு வந்தது. அன்றைய கணக்குப்படி உலகின் மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தார்கள். ஆனால் மக்களிடையே நடந்த ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை. அந்த ஆதங்கமே பெயரானது. 1998இல் கொச்சியில் உருவான இந்தக் குழு தமிழ்நாட்டில் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்தது. ஒன்று சென்னை நகரம். அதைத் தரமணியிலுள்ள வி.எச்.எஸ். மருத்துவமனையின் நரம்பியல் பிரிவு கவனித்துக்கொண்டது. மற்றது வேலூர் மாவட்டக் கிராமங்கள், அது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பொறுப்பு.

2008இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானபோது ஓர் ஆச்சரியம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கறாரான வரையறைப்படி பார்த்தால் கிராமப்புற இந்தியாவில் மறதி நோய் வெறும் 0.3 சதவீதம், கியூபாவிலோ 6.3 சதவீதம். வேலூர்க் கிராமத்துப் பாட்டிகளுக்கு மறதியே வராதா? குழு தானே வகுத்த வேறொரு முறையில் அளந்தபோது எண்ணிக்கை பல மடங்கு ஏறியது.

காரணம் வீட்டுக்குள் இருந்தது. அமெரிக்க வரையறைப்படி, நோயாளியின் அன்றாட வாழ்க்கை கெட்டிருக்கிறது என்று வீட்டார் சொல்ல வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் எண்பது வயது மாமியாரை யாரும் கடைக்கு அனுப்புவதில்லை. கணக்குப் பார்க்கச் சொல்வதில்லை. மருமகள் தட்டில் போட்டுக் கொடுக்கிறாள். “அத்தைக்கு என்ன, நல்லாத்தான் இருக்காங்க. வயசாயிடுச்சு, அவ்வளவுதான்” என்பாள். பொய் சொல்லவில்லை. அத்தையிடம் யாரும் எதையும் எதிர்பார்க்காத வீட்டில் குறை கண்ணில் படுவதற்கு வழியே இல்லை.

நினைவாற்றல் சோதனைகளிலும் இதே தொல்லை. ஒரு சொல்லைத் தலைகீழாக எழுத்துக்கூட்டு, இன்று என்ன தேதி, இந்தப் படத்தைப் பார்த்து வரை என்பவை எல்லாம் பள்ளிக்கூடம் போனவருக்கான கேள்விகள். பென்சிலே பிடிக்காத கையை ஐங்கோணம் வரையச் சொல்லி மதிப்பெண் போடுவது நியாயமல்ல. அதனால்தான் ஹரியானாவின் வல்லப்கரில் படிக்காதவர்களுக்கென்று தனியாக ஒரு சோதனையை 1990களில் ஆய்வாளர்கள் உருவாக்க வேண்டியிருந்தது.

2023இல் வெளியான லாசி-டாட் என்னும் தேசிய ஆய்வு, அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கிறது என்று மதிப்பிட்டது. அதில் பங்கேற்றவர்களிடம் கேள்வி கேட்டதோடு நிற்காமல் ரத்தமும் எடுத்தார்கள். ரத்தத்துக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. மருமகள் என்ன சொன்னாள் என்பதும் அதற்குப் பொருட்டில்லை. மற்ற நாடுகளைவிட இந்தியாவுக்கு இந்தப் பரிசோதனை கூடுதலாகப் பயன்படலாம் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்ப்பதற்கு அதுவே காரணம்.

மூளைக்குள் இரண்டு புரதங்கள்

1901இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் அகுஸ்தே தேத்தர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். நினைவு தப்பிக்கொண்டே போனது. கணவர்மேல் காரணமில்லாத சந்தேகம். அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அவரைக் கவனித்துக் குறிப்பு எழுதிவந்தார். 1906இல் அந்தப் பெண் இறந்ததும் மூளையை வரவழைத்து, மெல்லிய சீவல்களாக நறுக்கி, வெள்ளி உப்பால் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாக ஒரு படிவு. அணுக்களுக்கு உள்ளே முறுக்கிய நூல்கண்டுகள்.

வெளியே படிவது பீட்டா அமிலாய்டு என்னும் புரதத் துண்டு. உள்ளே முறுக்கிக் கிடப்பது டாவ் என்னும் புரதம். நல்ல நிலையில் டாவுக்கு ஒரு வேலை இருக்கிறது: நரம்பணுவின் நீண்ட வாலுக்குள் சரக்கு போய்வரும் நுண்குழாய்களை அது கட்டிக் காக்கிறது. அமிலாய்டு படியத் தொடங்கியதும், டாவ் புரதச் சங்கிலியின் சில கண்ணிகளில் பாஸ்பேட் என்னும் சிறு கூட்டு அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டும் இடங்களில் 217ஆவது கண்ணிதான் இன்று மருத்துவ உலகம் உச்சரிக்கும் எண். அந்த இடத்தில் பாஸ்பேட் ஏறிய டாவுக்கு பி-டாவ் 217 என்று பெயர்.

அல்சைமர் காலம் தொடங்கி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு, இவற்றைச் சந்தேகமறப் பார்க்க ஒரே வழி பிரேதப் பரிசோதனை. பிறகு இரண்டு வழிகள் வந்தன. ஒன்று, முதுகுத் தண்டில் ஊசி செலுத்தி மூளையைச் சுற்றிவரும் நீரை எடுத்துப் பார்ப்பது. முதுகில் தண்ணி எடுக்கணும் என்றதுமே பாதிக் குடும்பங்கள் எழுந்து போய்விடும். இன்னொன்று, அமிலாய்டில் ஒட்டும் கதிரியக்க மருந்தை ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேன். செலவு அதிகம், பெருநகரத்திலும் சில இடங்களில் மட்டுமே நடக்கும்.

வாசலுக்கு வரும் தடயம்

ஒரு வீட்டில் நேற்று என்ன சமைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள உள்ளே நுழைய வேண்டியதில்லை. வாசலில் வைத்த குப்பைக்கூடையைப் பார்த்தாலே போதும். மூளையில் நடப்பதன் மிச்சமும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்கு வந்து சேர்கிறது. அதில் தேடி எடுக்கும் தடயத்தை ரத்தக் குறிப்பான் என்று சொல்லலாம்.

தடயம் எவ்வளவு சிறியது? காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை 100 என்றால், ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் ஒரு மில்லி கிராம் சர்க்கரை இருக்கிறது என்று பொருள். அதே ஒரு மில்லி லிட்டரில் பி-டாவ் 217 இருப்பது சுமார் அரை பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் பிகோகிராம். அதாவது ஒரு பங்கு பி-டாவுக்குச் சர்க்கரை ஏறத்தாழ 200 கோடிப் பங்கு. சர்க்கரை பார்க்கிற கருவியிடம் இதைக் கேட்டுப் பயனில்லை.

வழி 2010இல் பிறந்தது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் வால்ட்டின் குழு, கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகளின்மேல் எதிர்ப்புப் புரதத்தைப் பூசியது. தேடும் மூலக்கூறு கிடைத்தால் மணி அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு, ஒரு குழிக்கு ஒரு மணி மட்டுமே நுழையக்கூடிய ஆயிரக்கணக்கான நுண்குழிகளில் மணிகளை உட்கார வைத்தார்கள். பிடித்த மணி இருக்கும் குழி ஒளிரும். வெறும் மணி இருக்கும் குழி இருட்டாக நிற்கும். ஒட்டுமொத்த ஒளி எவ்வளவு என்று பார்ப்பதற்குப் பதில் எத்தனை குழி ஒளிர்ந்தது என்று எண்ணினார்கள். மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணும் நிலை வந்துவிட்டது.

ஜப்பானில் வேறொரு பாதை. 2002இல் வேதியியல் நோபல் பெற்ற கொய்ச்சி தனகா, ஷிமாட்சு நிறுவனத்தின் பொறியாளர். புரதங்களை எடைபோட்டுப் பிரித்தறியும் அவருடைய நுட்பத்தைக் கொண்டு, மூளையில் அமிலாய்டு படிந்திருக்கிறதா என்பதை ரத்தத்திலிருந்தே சொல்ல முடியும் என்று 2018இல் ‘நேச்சர்’ இதழில் ஜப்பானிய, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெட் ஸ்கேன் சொன்னதோடு சுமார் 90 சதவீதம் ஒத்துப்போனது.

நோயாளி பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் ஒரு புதுமையும் இல்லை. மூன்று மாதச் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கும் அதே ஊதா மூடிக் குழாய்தான். வேறுபாடு அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. குழாயைச் சுழற்றியில் வைத்து, மேலே மிதக்கும் வைக்கோல் நிறப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். உடனே பரிசோதிக்காவிட்டால் உறைய வைக்க வேண்டும். பீட்டா அமிலாய்டு குழாயின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். அறை வெப்பத்தில் சில மணி நேரம் கிடந்தால் அளவு குறைந்துவிடும். கூடுவாஞ்சேரி வீட்டில் எடுத்த ரத்தம், மே மாத வெயிலில் பைக் பெட்டிக்குள் அரை நாள் சுற்றிவிட்டு ஆய்வகம் சேர்ந்தால், கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் எண் பிசகும். பி-டாவ் 217 இந்த விஷயத்தில் அமிலாய்டைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அது முன்னுக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இருபது வருஷம் முன்னால்

கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதியில் ஒரு பெரிய உறவுக் கூட்டம் வாழ்கிறது. அவர்களில் ஒரு மரபணுப் பிழையைச் சுமப்பவர்களுக்கு 44 வயது வாக்கில் நினைவு தடுமாற ஆரம்பிக்கும். யாருக்கு, எந்த வயதில் நோய் வரும் என்று முன்கூட்டியே தெரிந்த குடும்பங்கள் உலகில் மிக அரிது. பிரான்சிஸ்கோ லோபேரா என்ற நரம்பியல் மருத்துவர் பல பத்தாண்டுகள் இவர்களோடு பழகி ஆய்வு நடத்தினார். 2020இல் இவர்களுடைய ரத்தத்தில் பி-டாவ் 217ஐ அளந்தபோது, பிழையைச் சுமப்பவர்களின் அளவு சுமார் 25 வயதிலேயே மற்றவர்களிடமிருந்து விலகி ஏறத் தொடங்கியிருந்தது தெரிந்தது. அறிகுறி தலைகாட்டுவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டு முன்னால்.

2024இல் ஸ்வீடனில் நடந்த ஆய்வு இன்னும் நடைமுறையானது. நினைவுக் கோளாறோடு மருத்துவரிடம் வந்த 1213 பேர். வழக்கமான சோதனைகளை வைத்து, அல்சைமர் உண்டா இல்லையா என்று குடும்ப மருத்துவர்கள் சொன்னதில் 61 சதவீதம் சரியாக இருந்தது. நிபுணர்கள் சொன்னதில் 73 சதவீதம் சரி. ரத்தப் பரிசோதனை சுமார் 90 சதவீதம் சரி.

அதற்கடுத்த ஆண்டு அமெரிக்கா அனுமதித்தது பி-டாவ் 217க்கும் அமிலாய்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும் பரிசோதனை. 499 பேரின் மாதிரிகளில், ‘உண்டு’ என்று அது சொன்னவர்களில் 91.7 சதவீதம் பேருக்கு அமிலாய்டு இருந்தது. ‘இல்லை’ என்று சொன்னவர்களில் 97.3 சதவீதம் பேருக்கு இல்லை. ஆனால் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு முடிவு இரண்டுங்கெட்டானாக வந்தது. அனுமதியிலேயே ஒரு நிபந்தனை உண்டு: 55 வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் நினைவுக் குறைபாட்டின் அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும்.

இவ்வளவு நல்ல பரிசோதனையை எல்லோருக்கும் செய்துவிட வேண்டியதுதானே? அந்த நிபந்தனை ஏன் என்பதை ஒரு கணக்கு விளக்கும்.

மேடவாக்கத்தில் ஒரு கற்பனை முகாம்

மேடவாக்கத்து அடுக்ககம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை இலவச முகாம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். எந்தப் புகாரும் இல்லாத, ஐம்பது வயதை ஒட்டிய 1000 பேர் வரிசையில் நின்று ரத்தம் கொடுக்கிறார்கள். பரிசோதனை நல்ல தரம். நோய்த் தடயம் உள்ள 100 பேரில் 90 பேரைப் பிடித்துவிடும். இல்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விட்டுவிடும்.

ஐம்பது வயதில், நினைவு நன்றாக இருப்பவர்களிலும் சுமார் 10 சதவீதம் பேரின் மூளையில் அமிலாய்டு படிந்திருக்கும் என்று 2015இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆக, 1000 பேரில் 100 பேருக்கு உண்டு; 900 பேருக்கு இல்லை.

உள்ள 100 பேரில் பரிசோதனை 90 பேரைப் பிடிக்கிறது. இல்லாத 900 பேரில் பத்தில் ஒருவரைத் தப்பாகப் பிடிக்கிறது; அதுவும் 90 பேர். தடித்த எழுத்தில் அறிக்கை வாங்குபவர்கள் 180 பேர். அவர்களில் சரிபாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லை! அறிக்கை வாங்கியவருக்கு நோய்த் தடயம் உண்டா என்பது பூவா தலையா போடுவது போலத்தான்.

சரியாகப் பிடிபட்ட 90 பேருக்காவது நோய் நிச்சயமா? அதுவும் இல்லை. அமிலாய்டு படிந்த பலர் கடைசிவரை தெளிவாக வாழ்ந்து வேறு காரணத்தால் இறக்கிறார்கள். 2015இன் அதே தொகுப்பில், 90 வயதில் நினைவு நன்றாக இருந்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலாய்டு இருந்தது.

இப்போது அதே பரிசோதனையை நரம்பியல் வெளிநோயாளர் பிரிவுக்கு எடுத்துப் போவோம். இங்கேயும் 1000 பேர். எழுபதைத் தாண்டியவர்கள், நினைவு குறைவதாக வீட்டார் அழைத்துவந்தவர்கள், மருத்துவர் பேசிப் பார்த்து, வேறு காரணங்களைத் தள்ளிய பிறகு மிஞ்சியவர்கள். இவர்களில் 600 பேருக்கு அல்சைமர் தடயம் உண்டு என்று கொள்வோம். பரிசோதனை 540 பேரைப் பிடிக்கிறது. மீதி 400 பேரில் 40 பேரைத் தப்பாகப் பிடிக்கிறது. அறிக்கை வாங்கும் 580 பேரில் 540 பேருக்குச் சரி. நூற்றுக்கு 93.

கருவி ஒன்று, வேதிப்பொருள் ஒன்று, அறிக்கைத் தாளும் ஒன்று. முகாமில் பாதிக்குப் பாதி பொய் சொன்னது, மருத்துவரின் அறையில் நூற்றுக்கு 93 உண்மை சொல்கிறது. ரத்தம் எடுப்பதற்கு முன்பே மருத்துவர் கேட்ட கேள்விகளும், தள்ளிய காரணங்களும்தான் இந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்தன. 2025 ஜூலையில் அமெரிக்காவின் அல்சைமர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும், நினைவுக் குறைபாடு உள்ளவர்களுக்கு நிபுணர் மேற்பார்வையில் மட்டும் இதைப் பயன்படுத்தச் சொன்னது.

எண்ணை ஏமாற்றுபவை

சிறுநீரகம் சுணங்கினால், வெளியேற வேண்டிய புரதத் துண்டுகள் ரத்தத்தில் தேங்கும். பி-டாவ் அளவு ஏறித் தெரியும். மூளையில் கோளாறு இல்லாமலே. இருபது வருஷமாகச் சர்க்கரை இருந்து, கிரியேட்டினின் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும் நோயாளிகள் தாம்பரம், குரோம்பேட்டை மருத்துவர்களுக்குப் புதியவர்கள் அல்ல. அவர்கள் கையில் ஒற்றை எண்ணைக் கொடுப்பது ஆபத்து. உடல் பருமனோ எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அளவைக் குறைத்துக் காட்டும்.

2025இல் வந்த ஒரு செய்தி இன்னும் சுவையானது. பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் பி-டாவ் 217 அல்சைமர் நோயாளிகளைவிட அதிகமாக இருந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். வளரும் மூளைக்கு அது வேண்டியிருக்கிறது போலும். சில மாதங்களில் தானாகவே இறங்கிவிடுகிறது. ஆக, எண் அதிகமாக இருப்பதாலேயே நோய் என்று ஆகிவிடாது.

ரத்தக் குழாய் அடைப்பால் வரும் மறதியை இது காட்டாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘அல்சைமர் இல்லை’ என்று அறிக்கை வந்தவருக்கு, சின்னச் சின்னப் பக்கவாதங்களால் நினைவு போய்க்கொண்டிருக்கலாம்.

சானடோரியம் தெரிந்துகொண்டது

நோயாளியின் வாழ்க்கையை ரத்தத்திலுள்ள ஓர் எண் முடிவு செய்வது தாம்பரத்துக்குப் புதிதல்ல. 1928இல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம், பின்னாளில் அரசு நெஞ்சக மருத்துவமனையாகி, எச்.ஐ.வி. சிகிச்சையில் நாடறிந்த இடமானது. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் தேர்வான எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அன்று மருந்து யாருக்கு என்பதைச் சொன்னது சி.டி.4 என்னும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை. 200க்குக் கீழே போனால் மருந்து தொடங்கும். எண் கையில் வந்தால் அடுத்த ஜன்னலில் மாத்திரை இருந்தது. அந்த எண்ணுக்கு மதிப்பு அதனால்தான்.

பி-டாவ் 217க்குப் பின்னால் அப்படி ஒரு ஜன்னல் இருக்கிறதா? பாதி திறந்திருக்கிறது. லெக்கானெமாப், டொனானெமாப் என்னும் மருந்துகள் மூளையிலிருந்து அமிலாய்டைக் கழுவுகின்றன. லெக்கானெமாப் ஒன்றரை ஆண்டில் நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. நோயை நிறுத்தவில்லை, போன நினைவைத் திருப்பித் தரவும் இல்லை. அதைத் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும். சிலருக்கு மூளையில் வீக்கமோ கசிவோ வரும் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். செலவு சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது.

மருந்தைத் தவிரவும் செய்வதற்கு உண்டு. நினைவையும் பேச்சையும் தூண்டும் குழுப் பயிற்சி ஒன்றை ஸ்கார்ஃப் அமைப்பினர் தமிழுக்கு ஏற்றபடி வடிவமைத்துச் சென்னையில் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். வங்கிக் கணக்கையும் சொத்து விவகாரத்தையும், நினைவு தெளிவாக இருக்கும்போதே குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்யலாம். நோயை முன்கூட்டித் தெரிந்துகொள்வதால் இன்றைக்குக் கைமேல் கிடைக்கும் பயன் இதுவே.

முதலில் எந்த ரத்தம்?

மறதியோடு வருகிறவருக்கு முதலில் பார்க்க வேண்டிய பரிசோதனைகள் எந்தத் தெருமுனை ஆய்வகத்திலும் நடப்பவை. வைட்டமின் பி12 குறைந்தால் நினைவு மங்கும். சர்க்கரைக்காக வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும், சுத்த சைவர்களுக்கும் அது குறைய வாய்ப்பு அதிகம். தைராய்டு மந்தமானாலும் மூளை மந்தமாகும். நீர் பிரியக் கொடுக்கும் கொதிப்பு மாத்திரையால் சோடியம் இறங்கினால், பெரியவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பிப்பார். இவை மூன்றையும் சரிசெய்ய முடியும்.

ரத்தத்துக்கு வெளியேயும் காரணங்கள் உண்டு. ஒரு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கித் தலையில் பட்ட அடி, மண்டைக்குள் மெல்லக் கசிந்து மறதியாக வெளிப்படலாம். தூக்க மாத்திரையும் சில அலர்ஜி மாத்திரைகளும் மூளையை மழுங்கடிக்கும். மனைவியை இழந்தவரின் மனச்சோர்வு, மறதி நோயைப் போலவே தோற்றம் காட்டும். காது மந்தமானவர் கேட்காததைத்தான் மறந்தார் என்பதும் உண்டு. மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024இல் லான்செட் ஆணையம் கணக்கிட்டது. காது மந்தம், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

போய்க் காட்டுவதற்கு இடமும் தூரத்தில் இல்லை. டாக்டர் வி.எஸ். நடராஜன் இந்தியாவிலேயே முதலாவது முதியோர் மருத்துவப் பிரிவை 1978இல் தொடங்கியது சென்னை அரசுப் பொது மருத்துவமனையில். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பார்க் நிலையத்தில் இறங்கினால் எதிரே நிற்கிறது. அதே தடத்தில் பாதி வழியில் வரும் கிண்டியில், கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 200 படுக்கையுள்ள தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

போகும்போது மூன்றை எடுத்துப் போக வேண்டும்: சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையும் ஒரு பையில், கடைசியாக எடுத்த கிரியேட்டினின், சர்க்கரை அறிக்கைகள், கூடவே, பெரியவரோடு ஒரே வீட்டில் இருந்து தினமும் பார்க்கிற ஒருவர். “அப்பா முன்னாடி எதைச் செய்வார், இப்போ எதைச் செய்யறதில்லை?” என்று மருத்துவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

எந்தப் புகாரும் இல்லாதவர் ஆசைக்கு ஒருமுறை பி-டாவ் 217 பார்க்க வேண்டியதில்லை. புகார் உள்ளவருக்குப் பி12, தைராய்டு, சோடியம், கிரியேட்டினின் முதலில். தலை ஸ்கேன் அடுத்து. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் பி-டாவ் 217.